கிட்டைத் திருத்துபவர்கள்: உலகம் பயன்படுத்தும் ஒரு கருவி மேம்படும் விதம்

நிரல் எழுதுவோர் அன்றாடம் பயன்படுத்தும் கிட் (Git) என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியும் ஒரு மென்பொருள்தான். அதிலும் பிழை இருக்கும், போதாமை இருக்கும், காலம் மாறும்போது சேர்க்க வேண்டியவையும் இருக்கும். இவற்றையெல்லாம் யார் கவனிக்கிறார்கள்? கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கக் கல்லூரிகளில் நான் சந்திக்கும் மாணவர்களில் பலர், ஏதோ ஒரு பெரிய நிறுவனம் அமெரிக்காவில் இருந்துகொண்டு அதைச் செய்கிறது என்று நினைக்கிறார்கள். உண்மை வேறு. உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள், பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே, 2005 முதல் அந்த நிரலைச் சேர்ந்து திருத்தி வருகிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதன் வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. பெருந்துறையில் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவியும் அதே வழியில் உள்ளே போகலாம். அந்த வழி எப்படி அமைந்திருக்கிறது என்று சொல்லவே இதை எழுதுகிறேன். நிரலாக்கம் ஓரளவு பழகியிருந்தால் போதும். கிட்டின் உள்ளமைப்பு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஒரு திட்டத்தின் கோப்புகள் காலப்போக்கில் எப்படி மாறின என்பதைப் பதிந்து வைப்பதே பதிப்பு மேலாண்மை. கிட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் கமிட் என்று பெயர். யார் மாற்றினார், எப்போது மாற்றினார், எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்ற நான்கும் அதில் இருக்கும். ஒரே நேரத்தில் பலர் வேலை செய்வதற்காகக் கிளைகள் பிரித்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் இணைத்துக்கொள்ளலாம். திட்டத்தின் முழு வரலாறும் ஒவ்வொருவரின் கணினியிலும் இருக்கும் என்பது கிட்டின் சிறப்பு. மையத்தில் இருக்கும் ஒரு கணினியின் அனுமதியைக் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

கிட் வேறு, கிட்ஹப் வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கிட்ஹப் 2008இல் தொடங்கப்பட்ட ஓர் இணையச் சேவை. 2018இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. கிட் அதற்கு முன்பே பிறந்த கட்டற்ற மென்பொருள். ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தின்கீழ் வெளியாகிறது. யாரும் அதன் மூலநிரலை எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம்.

அது பிறந்த கதையில், இன்று அதைத் திருத்தும் முறைக்கான காரணமும் இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலை உருவாக்குவோர் 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியுரிமைக் கருவியைப் பயன்படுத்தி வந்தார்கள். அவர்களுக்கு இலவசமாகத் தரப்பட்டிருந்த உரிமம் 2005இல் திரும்பப் பெறப்பட்டது. மாற்றுக் கருவி எதுவும் மனதுக்குப் பிடிக்காததால், லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். அதன் முதல் கமிட் 2005 ஏப்ரல் 7ஆம் தேதியிடப்பட்டது. எழுதத் தொடங்கிய சில நாள்களிலேயே கிட்டின் நிரல் கிட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டுவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் பராமரிப்புப் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் டோர்வால்ட்ஸ் ஒப்படைத்தார். அன்று முதல் ஹமானோதான் பராமரிப்பாளர்.

கர்னல் உலகில் மாற்றங்கள் மின்னஞ்சலில் போய் வருவதே வழக்கம். கிட்டும் அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டது, இன்றும் விடவில்லை. ஒருவர் செய்த மாற்றம், எந்த வரி நீக்கப்பட்டது, எந்த வரி சேர்க்கப்பட்டது என்ற வடிவில் எழுத்தாகவே, யாரும் படிக்கக்கூடிய ஒரு பொது மின்னஞ்சல் குழுவுக்குப் போகிறது. இதைத்தான் பேட்ச் என்கிறார்கள். படிப்பவர்கள் அந்த எழுத்துக்கு இடையிலேயே தங்கள் கருத்தை எழுதிப் பதில் அனுப்புகிறார்கள். எல்லாமே பொதுவெளியில் நடப்பதால், பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்பதையும் இன்று தேடிப் படிக்கலாம்.

ஒரு மாற்றம் தொடங்கும் இடம்

இனி ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்துக்கு நூல் இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதும் இளம் நிரலாளர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோப்புக்கு அவர் 'நூல்' என்று தமிழிலேயே பெயர் வைக்கிறார். பிறகு கிட்டில் நிலவரம் பார்க்கும் கட்டளையை இடுகிறார். திரையில் கோப்பின் பெயர் இப்படித் தெரிகிறது:

"\340\256\250\340\257\202\340\256\262\340\257\215"

இது கற்பனையான குழப்பம் இல்லை. தமிழில் கோப்புக்குப் பெயர் வைத்தால், கிட்டின் இயல்பான அமைப்பில் உங்கள் கணினியிலும் இப்படித்தான் தெரியும். நூல் என்ற சொல் யூனிகோடில் ந, ஊகாரக் குறி, ல, புள்ளி என நான்கு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள், ஆகப் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு பைட்டுகளையும் எட்டடிமான எண்களாகக் கிட் காட்டுகிறது.

இதைப் பார்த்ததும் பழுது என்று அறிவிக்கத் தோன்றும். அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தால், "பழுதுன்னு எழுதறதுக்கு முன்னாடி கையேட்டைப் பாரு அம்மணி" என்பார். கையேட்டில் இதற்கு விளக்கம் இருக்கிறது. கோர்.கோட்பாத் (core.quotePath) என்று ஓர் அமைப்பு உண்டு; அதைப் பொய் (false) என்று மாற்றினால் தமிழ்ப் பெயர் தமிழாகவே தெரியும். ஆகவே இது பிழையன்று, தெரிந்தே செய்த ஏற்பாடு. லினக்ஸில் கோப்பின் பெயர் என்பது வெறும் பைட்டுகளின் வரிசை. அது யூடிஎஃப்-8ஆக இருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் கிடையாது. திரையிலோ மின்னஞ்சலிலோ சிதைந்துவிடக்கூடிய பைட்டுகளைப் பாதுகாப்பான வடிவில் காட்டுவது ஒரு வகைக் கவனம்.

சரி, தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இது இடைஞ்சல்தானே, இயல்பான அமைப்பையே மாற்றச் சொல்லலாமே என்று அவர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். கேட்டுப் பார்க்கலாம், கேட்பதற்குத் தகுதிச் சான்றிதழ் எதுவும் வேண்டாம். ஆனால் உடனே எதிர்க்கேள்வி வரும்: இந்த வெளியீட்டைப் படித்து வேலை செய்யும் வேறு நிரல்கள் எத்தனை இருக்கும்? எண் வடிவத்தை எதிர்பார்த்து யாரோ எழுதி வைத்த நிரல் நாளைக் காலையில் உடைந்தால் என்ன செய்வது? கிட்டின் வளர்ச்சியில் மீண்டும் மீண்டும் எழும் கேள்வி இதுதான். புதுமையை விரும்பாததால் எழும் கேள்வி அன்று. எண்ணற்ற கணினிகளில் ஓடும் ஒரு கருவியில், இருக்கிற பழக்கத்தை மாற்றுவதன் விலையை யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும். அந்த யாரோ நம் உரையாடலில் இல்லை என்பதால் அவருக்காக மற்றவர்கள் பேசுகிறார்கள்.

எனவே முதல் முயற்சியாக நம் நிரலாளர் சிறியதொன்றை எடுத்துக்கொள்வது நல்லது. அந்த அமைப்பைப் பற்றிய கையேட்டுப் பகுதி ஒரு புதியவருக்குப் புரியவில்லை என்று தோன்றினால், அங்கே ஓர் உதாரணம் சேர்க்கலாம். அது போதுமா என்று இகழ்ச்சியாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. கையேட்டில் தெளிவான இரண்டு வரி, மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ அதே எண்களைப் பார்த்துத் திகைக்கும் ஒருவரின் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

தொடுவதற்கு முன் வரலாற்றைத் தேட வேண்டும். கிட் பிளேம் என்ற கட்டளை, ஒரு கோப்பின் ஒவ்வொரு வரியும் எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும். அந்தக் கமிட்டைத் திறந்தால் அதை எழுதியவர் சொன்ன காரணம் இருக்கும். கிட்டின் மூலநிரலில் நான் மிகவும் மதிப்பது இந்தக் கமிட் குறிப்புகளைத்தான். ஒரே ஒரு வரி மாற்றத்துக்கு நான்கு பத்தி விளக்கம் எழுதியிருப்பார்கள். கிட் எழுதப்பட்டிருக்கும் சி மொழியைக் கற்க விரும்பும் மாணவர்களுக்குக்கூட நிரலுக்கு முன் இந்தக் குறிப்புகளைப் படியுங்கள் என்று சொல்வேன். மற்றவர்கள் எப்படிச் சிந்தித்தார்கள் என்பது அவற்றில்தான் தெரியும்.

ஏன் என்பதை எழுதுதல்

நம் ஊர்க் கல்லூரிகளில் செய்முறைத் தேர்வுக்கு நிரல் ஓடினால் மதிப்பெண். பழுது சரியானதா என்று மட்டும் பார்க்கப் பழகிய கைகளுக்கு, கிட்டுக்கு அனுப்பும் முதல் மாற்றம் கடினமாக இருப்பது இங்கேதான். நிரல் சரி, ஆனால் குறிப்பில் 'பழுது நீக்கப்பட்டது' என்று மட்டும் இருக்கும். அதை ஏற்க மாட்டார்கள்.

குறிப்பின் முதல் வரி சுருக்கமாக இருக்க வேண்டும். எந்தப் பகுதியைத் தொடுகிறது என்பதைச் சொல்லி, ஏறக்குறைய 50 எழுத்துகளுக்குள் மாற்றத்தைக் கூற வேண்டும். அடுத்து ஒரு வெற்று வரி. பிறகு விளக்கம். அந்த விளக்கத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் இன்று நிலைமை எப்படி இருக்கிறது என்பது நிகழ்காலத்தில் வர வேண்டும். அடுத்து அதனால் யாருக்கு என்ன சிரமம் என்பது. கடைசியாக மாற்றம், அதை நிரலுக்கே ஆணையிடுவது போல ஏவல் வினையில் எழுத வேண்டும். 'நான் இதைச் சேர்த்தேன்' என்பதைவிட 'இதைச் சேர்' என்பதே அவர்கள் கேட்கும் நடை. வேறு வழிகளை யோசித்துக் கைவிட்டிருந்தால் அதையும் காரணத்துடன் சொல்லிவிடுவது சிறப்பு. இல்லாவிட்டால் படிப்பவர் அதே வழியைப் பரிந்துரைப்பார். ஒரு வாரம் வீணாகும்.

தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்கள் இந்த இடத்தில் தயங்கி நின்றுவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. விவாதம் ஆங்கிலத்தில் நடக்கிறது, உண்மைதான். ஆனால் அங்கே எழுதும் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அன்று. நீண்ட காலமாகப் பங்களிப்போரில் ஜெர்மானியர்களும் பிரெஞ்சுக்காரர்களும் சீனர்களும் இந்தியர்களும் இருக்கிறார்கள். பராமரிப்பாளரே ஜப்பானில் பிறந்தவர். அவர்கள் எதிர்பார்ப்பது அலங்காரம் அன்று, தெளிவு. இப்போது இப்படி இருக்கிறது, இதனால் இந்தச் சிரமம், ஆகவே இதை இப்படி மாற்று என்று மூன்று எளிய வாக்கியங்கள் எழுதத் தெரிந்தால் தொடங்கிவிடலாம். முதலில் தமிழில் எழுதிப் பார்த்துச் சிந்தனையை ஒழுங்குபடுத்திக்கொண்டு பிறகு ஆங்கிலத்தில் எழுதுவதும் நல்ல வழிதான்.

குறிப்பின் அடியில் சைன்டு-ஆஃப்-பை என்று தொடங்கும் ஒரு வரியில் உங்கள் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இருக்க வேண்டும். வெறும் சம்பிரதாயக் கையெழுத்து என்று இதை நினைக்கக் கூடாது. இந்த நிரலை நானே எழுதினேன், அல்லது இதைத் தர எனக்கு உரிமை இருக்கிறது, திட்டத்தின் உரிமத்தின்கீழ் இதைத் தருகிறேன் என்ற உறுதிமொழி அது. லினக்ஸ் கர்னல் 2004இல் கொண்டுவந்த முறை. வேலை பார்க்கும் நிறுவனத்தின் நேரத்திலும் கணினியிலும் எழுதியது என்றால், அந்த வரியைச் சேர்க்கும் முன் நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். கோவையில் பல நிறுவனங்களின் வேலை ஒப்பந்தத்தில், ஊழியர் எழுதும் நிரல் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற விதி இருக்கும், படிக்காமல் கையெழுத்திட்டிருப்போம். அந்த வரிக்கு மேலே, யோசனை சொன்னவருக்கு, பழுதை முதலில் கண்டு சொன்னவருக்கு, சோதித்துப் பார்த்தவருக்கு எனத் தனித்தனி வரிகளில் நன்றியும் பதியலாம். இப்படிப் பெயர் சொல்லும் வழக்கத்தைக் கிட்டின் பங்களிப்பாளர்கள் மிகவும் மதிக்கிறார்கள்.

நிரல் மாற்றமாக இருந்தால் சோதனையும் கூடவே போக வேண்டும். கிட்டின் சோதனைகள் ஒரு தனி அடைவில் இருக்கின்றன. பெரும்பாலானவை ஷெல் நிரல்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்க எண் உண்டு. 0000 என்ற எண்ணில் அடிப்படைச் சோதனை தொடங்குகிறது. ஒவ்வொரு சோதனையும் தனக்கென ஒரு தற்காலிக அடைவை உருவாக்கிக்கொண்டு ஓடும். அந்த அடைவின் பெயரில் வேண்டுமென்றே ஓர் இடைவெளி வைத்திருக்கிறார்கள். பெயரில் இடைவெளி இருந்தால் தடுமாறும் நிரலை யாராவது எழுதியிருந்தால் சோதனையிலேயே பிடிபட்டுவிடும். இவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர்களின் வேலையைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. பழுதைத் திருத்தத் தெரியாவிட்டாலும், அந்தப் பழுதை வெளிப்படுத்தும் ஒரு சோதனையை மட்டும் எழுதி அனுப்பலாம். 'இது தோற்கும் என்று தெரியும்' எனக் குறித்து வைப்பதற்கு வசதி இருக்கிறது. யாரேனும் பின்னால் வந்து திருத்துவார்கள்.

அனுப்புதலும் திரும்பி வருதலும்

கமிட்டைப் பேட்ச் கோப்பாக மாற்ற ஃபார்மேட்-பேட்ச், அதை அனுப்ப சென்ட்-இமெயில் என்று கிட்டிலேயே கட்டளைகள் உண்டு. உலாவியில் மின்னஞ்சலைத் திறந்து பேட்ச்சை ஒட்டி அனுப்பக் கூடாது. கிட்டின் நிரலில் வரியின் தொடக்கத்தில் டேப் இருக்கும். உலாவி மின்னஞ்சல் அதை இடைவெளிகளாக மாற்றிவிடும். பெறுபவரால் அந்தப் பேட்ச்சைப் பொருத்த முடியாது. எழுத்து மட்டுமே உள்ள எளிய மின்னஞ்சலாக இருக்க வேண்டும். வண்ணமும் வடிவமைப்பும் வேண்டாம். இந்த ஏற்பாடெல்லாம் மலைப்பாக இருந்தால் கிட்கிட்கேட்ஜெட் என்ற கருவி உதவும். கிட்ஹப்பில் வழக்கம்போல் மாற்றத்தைச் சமர்ப்பித்தால், அதை மின்னஞ்சல் தொடராக மாற்றி அது அனுப்பிவிடும்.

மாற்றம் பெரிதென்றால் பல சிறு பேட்ச்களாகப் பிரித்து அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு வேலையைச் செய்ய வேண்டும்; எந்த இடத்தில் நிறுத்தினாலும் கிட் முழுமையாகக் கட்டப்பட்டு ஓட வேண்டும். பின்னாளில் பழுது வந்தால், எந்தக் கமிட்டில் வந்தது என்று பைசெக்ட் கட்டளை பாதி பாதியாகப் பிரித்துத் தேடும். நடுவில் ஓடாத கமிட் இருந்தால் அந்தத் தேடல் கெட்டுப்போகும். தொடரின் முன்னால் ஒரு முகப்புக் கடிதம் வைத்து, மொத்தத்தின் நோக்கத்தைச் சொல்ல வேண்டும்.

அதன்பின் பதில்கள் வரும். முதல் முறை அனுப்புபவர்கள் மனம் உடைவது இந்தக் கட்டத்தில்தான். நாற்பது வரி அனுப்பினால் அறுபது வரி விமர்சனம் வரலாம். மாறியின் பெயர் சரியில்லை, இந்த வழி நினைவகத்தை வீணாக்கும், இந்தச் சோதனை எதையும் சோதிக்கவில்லை, இந்த வாக்கியம் புரியவில்லை. திருப்பூரில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிய வைப்பது எளிது. ஏற்றுமதி ஆர்டருக்குச் சாம்பிள் தைத்து அனுப்பினால், வாங்குபவர் குறிப்புகளுடன் திருப்பி அனுப்புவார்: கழுத்து ரிப் தளர்வாக இருக்கிறது, தோள் அளவு கூடுதல், தையல் நூலின் நிறம் பொருந்தவில்லை. திருத்தித் தைத்து மறுபடி அனுப்ப வேண்டும். முதல் சாம்பிளுக்கே ஒப்புதல் கிடைக்கவில்லை என்று யாரும் தொழிலை விட்டுவிடுவதில்லை; குறிப்பு வருகிறது என்றாலே வாங்குபவருக்கு அந்தத் துணியில் அக்கறை இருக்கிறது என்று பொருள். கிட்டிலும் இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று எண்ணிட்டு அனுப்புவதே இயல்பு. பல ஆண்டு அனுபவமுள்ளவர்களும் அப்படித்தான் அனுப்புகிறார்கள். பராமரிப்பாளர் எழுதும் பேட்ச்சும் இதே பொதுவெளியில்தான் விமர்சிக்கப்படுகிறது.

பதில் எழுதும்போது, அவர்கள் எழுதிய வரிக்கு நேர் கீழே உங்கள் பதிலை எழுதுங்கள். ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா, மறுத்தால் ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லுங்கள். விமர்சகர் சொன்னதெல்லாம் சரி என்று தலையாட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. சில நேரம் அவர் உங்கள் நோக்கத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருப்பார். அப்போதும் அது, உங்கள் குறிப்பு தெளிவாக இல்லை என்பதற்கான அடையாளம். விளக்கத்தைப் பதிலில் மட்டும் எழுதாமல் கமிட் குறிப்புக்குள்ளும் சேர்த்துவிடுங்கள். அடுத்த பதிப்பை அனுப்பும்போது, முந்தையதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ரேஞ்ச்-டிஃப் என்ற கட்டளை காட்டும். 2018இல் வந்த 2.19 வெளியீட்டில் சேர்ந்த வசதி அது. இவ்விதம் பேட்ச் அனுப்பி வேலை செய்பவர்களின் தேவையிலிருந்தே பிறந்தது. தாங்கள் பயன்படுத்தும் கருவியைத் தாங்களே செய்வதால் கிடைக்கும் நன்மை இது.

பதிலே வராமலும் போகலாம். அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். படிப்போர் குறைவு, வரும் மின்னஞ்சல்கள் அதிகம். ஒரு வாரம் பொறுத்துவிட்டுப் பணிவாக நினைவூட்டினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். யாராவது மரியாதையின்றி நடந்துகொண்டால் முறையிடவும் இடம் உண்டு. 2019 முதல் கிட் திட்டத்துக்கு எழுதப்பட்ட நடத்தை விதிகள் இருக்கின்றன.

நான்கு கிளைகள்

ஒரு மாற்றம் ஓரளவு தேறியதும் பராமரிப்பாளர் அதை எடுத்துத் தனிக் கிளையில் வைப்பார். அங்கிருந்து அது படிப்படியாக நகரும். சீன் என்ற கிளையில், பார்வைக்கு வந்த மாற்றங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று இணைத்துப் பார்க்கிறார்கள். இதில் இடம்பெற்றால் ஏற்கப்பட்டதாகப் பொருள் இல்லை. நெக்ஸ்ட் என்பது அடுத்தது. விமர்சனம் முடிந்து நம்பிக்கை ஏற்பட்ட மாற்றங்கள் இங்கே வரும். துணிச்சலுள்ள பயனர்கள் சிலர் இந்தக் கிளையையே அன்றாட வேலைக்கு ஓட்டுகிறார்கள். பழுது இருந்தால் அவர்களிடம் வெளிப்படும். சில நாள்களாவது அங்கே ஊறிய பிறகே மாஸ்டர் என்ற கிளைக்குப் போகும். அடுத்த வெளியீடு மாஸ்டரிலிருந்து வருகிறது. ஏற்கெனவே வெளியானதற்கான அவசரத் திருத்தங்களுக்கு மெயின்ட் என்ற கிளை. எந்த மாற்றம் எந்த நிலையில் இருக்கிறது, யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறது என்பதைப் பராமரிப்பாளர் அடிக்கடி ஓர் அறிக்கையாக எழுதி அனுப்புகிறார். புதியவர்கள் அந்த அறிக்கையைச் சில வாரங்கள் தொடர்ந்து படித்தாலே திட்டத்தின் நாடித் துடிப்பு பிடிபட்டுவிடும்.

பெரிய மாற்றங்களுக்கு இந்த நிதானம் எவ்வளவு தேவை என்பதற்கு இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன். முன்பெல்லாம், நம் கமிட்களை வேறிடத்துக்கு அனுப்பும் புஷ் கட்டளையை வெறுமனே இட்டால், இரு பக்கமும் ஒரே பெயரில் இருக்கும் எல்லாக் கிளைகளும் போய்ச் சேரும். முடிக்காத வேலையும் சேர்ந்து போய்விடும் ஆபத்து இருந்தது. அந்த நேரத்தில் நாம் வேலை செய்துகொண்டிருக்கும் கிளை மட்டும் போகும்படி மாற்ற முடிவானது. 2012இல் புதிய நடத்தை ஒரு தேர்வாக வந்தது. பழக்கம் மாறப் போகிறது என்று பயனர்களுக்கு எச்சரிக்கை காட்டினார்கள். 2014இல் வந்த 2.0 வெளியீட்டில்தான் அதை இயல்பாக்கினார்கள். ஒரு கட்டளையின் இயல்பை மாற்ற இவ்வளவு காலம்.

இரண்டாவது இன்னும் பெரிது. கிட் தான் சேமிக்கும் ஒவ்வொன்றுக்கும் ஷா-1 என்ற முறையில் 40 பதினாறடிமான இலக்கங்கள் (20 பைட்) கொண்ட அடையாளத்தைக் கணக்கிடுகிறது. உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் அடையாளம் மாறிவிடும் என்பதே நம்பிக்கையின் அடித்தளம். 2017 பிப்ரவரியில், ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் கூகுளும் சேர்ந்து, ஒரே ஷா-1 அடையாளம் கொண்ட இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளை உருவாக்கிக் காட்டின. அதே ஆண்டு மே மாதம் வந்த 2.13 வெளியீடு, அத்தகைய போலிகளைக் கண்டறியும் ஷா-1 நிரலை இயல்பாக்கியது. ஆனால் நிரந்தரத் தீர்வு, அதைவிட வலுவான ஷா-256 முறைக்கு மாறுவது. பழைய நிரல் முழுவதும் அடையாளத்தின் நீளம் 20 பைட் என்றே எழுதப்பட்டிருந்தது. அதை ஒவ்வோர் இடமாகத் தேடிப் புதிய அமைப்புக்கு மாற்ற வேண்டும். அந்த வேலை 2015லேயே தொடங்கியிருந்தது. பயனர் கண்ணுக்குத் தெரியாத, கைதட்டல் கிடைக்காத நூற்றுக்கணக்கான சிறு பேட்ச்கள். அவற்றின் மேல்தான் 2020 அக்டோபரில் வந்த 2.29 வெளியீடு, ஷா-256 களஞ்சியங்களை, அதாவது திட்டத்தின் வரலாற்றை அந்த முறையில் வைத்திருக்கும் சேமிப்பிடங்களை, சோதனை முறையில் அறிமுகப்படுத்தியது. வரவிருக்கும் 3.0 வெளியீட்டில் புதிய களஞ்சியங்களுக்கு அதை இயல்பாக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். திறமூல உலகில் பெரிய காரியங்கள் நடக்கும் விதம் பெரும்பாலும் இதுதான். அடுத்தவர் படித்து ஏற்கும் அளவுக்குச் சிறியதாக உடைத்து, ஆண்டுக்கணக்கில்.

எங்கே நுழைவது

முதலில் மூலநிரலை உங்கள் கணினிக்குக் கொண்டுவந்து கட்டிப் பாருங்கள். லினக்ஸ் இருந்தால், தேவையான நூலகங்களை நிறுவிய பிறகு மேக் என்ற ஒரே கட்டளை போதும். பிறகு 0000 சோதனையை ஓட்டுங்கள். ஆவண அடைவில், முதல் பங்களிப்பு பற்றிய படிப்படியான பாடம் ஒன்றும், பேட்ச் அனுப்பும் விதிகள் பற்றிய கோப்பு ஒன்றும் இருக்கின்றன. இரண்டையும் முழுதாகப் படியுங்கள். விவாதங்களில் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது என்று தோன்றும்போது லெஃப்ட்ஓவர்பிட்ஸ் என்ற குறிச்சொல்லை இடுவது வழக்கம். அதைத் தேடினால் புதியவர்களுக்கேற்ற சிறு வேலைகள் கிடைக்கும். புதியவர்களைத் திறமூலத் திட்டங்களில் ஈடுபடுத்தும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் கிட் 2007 முதல் பங்கேற்று வந்திருக்கிறது. சேர விரும்பும் மாணவர்கள் முதலில் ஒரு குறுவேலையைச் செய்து, விமர்சனத்தைச் சந்தித்து, ஏற்கப்படும் வரை திருத்திக் காட்ட வேண்டும். கோவையிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவருக்கும் கலிஃபோர்னியாவிலிருந்து விண்ணப்பிப்பவருக்கும் அதே குறுவேலைதான், அதே விமர்சனம்தான்.

நம் மொழி தொடர்பான வேலைகளும் இருக்கின்றன. கிட் தன் வெளியீட்டை நேராக அடுக்கிக் காட்டுவதற்கு, ஒவ்வோர் எழுத்தும் திரையில் எவ்வளவு அகலம் பிடிக்கும் என்று தெரிய வேண்டும். அதற்காக யூனிகோடிலிருந்து உருவாக்கிய அட்டவணை ஒன்று மூலநிரலில் இருக்கிறது. தமிழின் புள்ளியும் ஈகாரக் குறியும் அகலமற்றவை என்று அதில் பதிவாகியிருக்கும். துணைக்காலுக்கு அகலம் உண்டு. யூனிகோடின் புதிய பதிப்பு வரும்போது யாராவது ஒருவர் அந்த அட்டவணையைப் புதுப்பித்து ஒரு பேட்ச் அனுப்புவார். அடுத்த முறை அதை நம்மவர் ஒருவர் அனுப்பக் கூடாதா? கிட்டின் செய்திகளை மொழிபெயர்ப்பதற்கும் தனி அடைவும் தனி ஒருங்கிணைப்பாளரும் உண்டு. அங்கே சி மொழி தேவையில்லை, நல்ல தமிழ் தேவை.

மாற்றம் ஏற்கப்பட்டால் அதன் கமிட்டில் இரண்டு பெயர்கள் இருக்கும். எழுதியவர் என்ற இடத்தில் உங்கள் பெயரும், பதிந்தவர் என்ற இடத்தில் பராமரிப்பாளர் பெயரும். நிரலை எடுத்துப் பொருத்தியது அவர் என்றாலும் ஆக்கியவர் நீங்களே என்று கிட் பிரித்து வைக்கிறது. அதனுடன் வேலை முடிந்துவிடாது. மாஸ்டருக்குப் போன பிறகு உங்கள் வரிகளால் வேறெங்கோ ஒரு பழுது எழுந்தால், அதைக் கண்டவர் கிட் பிளேம் பார்த்து உங்களுக்கே எழுதுவார். வெளியீட்டுக்கு முன்னான சோதனைப் பதிப்புகள் வரும் வாரங்களில் மின்னஞ்சலைத் தவறாமல் பாருங்கள். அப்படி ஒரு கடிதம் வந்தால், தேர்வோ வேலையோ இருந்து உடனே திருத்த முடியாவிட்டாலும், பார்த்துவிட்டேன், எந்த நாளுக்குள் பார்க்கிறேன் என்று இரண்டு வரி பதில் அன்றே அனுப்பிவிடுங்கள். அதற்குள் வேறொருவர் திருத்தி அனுப்பினால் அதை முதலில் படித்துச் சோதிக்க வேண்டியவரும் நீங்கள்தான்.